மன்னூபியா சொன்னால் காய்ந்தது காய்ந்ததுதான்

மாத்தர் சமவெளியில் பொய் சொல்லாதவை இரண்டு என்பார்கள். ஒன்று இஷ்கில் மலைமேல் ஏறும் மேகம். இன்னொன்று மன்னூபியாவின் வலது கை. மேகமாவது சில வருஷம் ஏமாற்றியிருக்கிறது, கை ஏமாற்றியதில்லை. அவளுக்கு ஐம்பத்தாறு வயது. பிசெர்த் துறைமுகத்தில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து பதினோராவது மாதமே திருப்பி அனுப்பப்பட்டவள். பிள்ளை இல்லை. தம்பி ஷாத்லி வீட்டுப் பின்பக்கம் ஓர் அறை, ஒரு பூனை. இவளிடம் பிடுங்க என்ன இருக்கிறது என்று ஊர் நினைத்தது. பிடுங்குகிறவன் அப்படி நினைப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் மாட்டுத் தீவனத்துக்கு ஓட்ஸையும் கொடிப்பயறையும் கலந்துதான் விதைப்போம். கொடிப்பயறு ஊதாப் பூப் பூக்கும். மனுஷர் தின்பதில்லை, மாடு விடுவதில்லை. தனியாக விதைத்தால் தரையோடு படுத்து, மழைக்கு அழுகிக் கறுத்துவிடும். ஓட்ஸ் பக்கத்தில் நின்றால் அதைப் பற்றிக்கொண்டு இடுப்புயரம் ஏறிவிடும். ஓட்ஸ் மட்டும் இருந்தாலோ வெறும் தட்டை, மாடு தின்னும், மடி நிறையாது. இரண்டும் கூடினால்தான் தீவனம். இதை வைத்துக் கல்யாண வீடுகளில் பெண்கள் அடிக்கும் கேலிக்கு அளவில்லை. மன்னூபியா உட்கார்ந்திருக்கும் பந்தியில் அது கொஞ்சம் உரக்கவே கேட்கும். "பயறு என்னமோ நல்ல பயறுதான், ஏறிக்க ஒரு தட்டை நிக்கமாட்டேங்குதே!" என்பார்கள். அவள் கோதுமைக் குஸ்குஸை உருட்டித் தின்றுகொண்டிருப்பாள்.

ஆனால் இந்த இரண்டும் சேர்ந்து வளருமே ஒழிய சேர்ந்து காயாது. அங்கேதான் வினை. அறுத்துப் போட்டால் ஓட்ஸ் தட்டை உள்ளே குழல் என்பதால் இரண்டே நாளில் சலசலக்கும். கொடிப்பயறின் தண்டும் பிஞ்சுக் காயும் நாலு நாளானாலும் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்த ஈரத்தோடு இயந்திரத்தில் இறுக்கிக் கட்டி, கட்டுமேல் கட்டாகப் போர் அடுக்கினால், உள்ளே சூடு பிறக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். இல்லாவிட்டால் மூன்று நாலு வாரத்தில், யாரும் தீக்குச்சி கிழிக்காமலே பற்றிக்கொள்ளும். இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் வருஷத்துக்கு ஒரு கொட்டகை எரியும், ஏனென்றால் மே மாதம் தெற்கேயிருந்து ஷிஹிலிக் காற்று அடுப்பு வாய் மாதிரி அடிக்கும்போது மேற்புல் அப்பளமாக நொறுங்கும். மேலே தொட்டவன் காய்ந்தது என்றுதான் சொல்வான்.

மன்னூபியா மேலே தொடமாட்டாள். அறுத்த வரிசைக்கு அடியில் முழங்கை வரை கையை நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கொடியைத் தேடி உருவுவாள். கணுவில் நகத்தை அழுத்துவாள். முறுக்குவாள். பிறகு கீழுதட்டில் ஒட்டவைத்துச் சற்றுநேரம் நிற்பாள். உதட்டில் குளிர்ந்தால் ஈரம். குளிராமல், முறுக்கும்போது முறிந்தால் காய்ந்தது. யாரும் சொல்லித் தந்ததில்லை, வந்தது. பத்து மைல் சுற்றளவில் வயல்காரர்கள் வண்டி அனுப்பி அழைத்துப் போவார்கள். கூலி என்று கிடையாது. ஒரு டஜன் முட்டை, ஒரு போத்தல் ஆலிவ் எண்ணெய். வாங்க வருகிறவன் விற்கிறவனை நம்பமாட்டான், 'மன்னூபியா பார்த்தாளா?' என்று மட்டும் கேட்பான். பார்த்தாள் என்றால் பேச்சு முடிந்தது. ஷாத்லியேகூட முப்பது வருஷமாக அவள் சரி சொல்லாமல் கட்டியதில்லை. அவள் சொல் கேட்டுத்தான் கட்டுகிறேன் என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதும் இல்லை.

உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அந்தச் சொல் ஒன்று. இன்னொன்றும் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். அப்பா விட்டுப்போன ஒன்பது ஹெக்டேரில், மார்க்கப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. ஏரிப்பக்கத்துக் கீழ்வயல், மூன்று ஹெக்டேர், தன்னுடையது என்று வாய் நிறையச் சொல்வாள். வரப்புப் போட்டுக் கேட்டதில்லை. கூடப் பிறந்தவனிடம் வரப்புக் கேட்பவளை ஊர் என்ன பேசும் என்று பயம். ஊர் எப்படியும் பேசத்தான் போகிறது. அதற்குப் பயந்து சோற்றை விட்டவர்கள் எத்தனை பேர்!

அந்த வருஷம் தெற்கே மழையே இல்லை. பயறு மிகுந்த தீவனத்துக்கு ஏகப்பட்ட கிராக்கி. ஷாத்லி கீழ்வயலில் பயறு விதையை இரண்டு மடங்காக்கினான். கொடி ஓட்ஸையே கீழே இழுத்துச் சாய்க்கிற அளவுக்கு மண்டியது. மே மாதம் அறுத்துப் போட்டார்கள். மூன்றாம் நாள் ஷிஹிலி அடித்தது. அதே நாளில் கட்டு கட்டும் இயந்திரத்தோடு லஸ்ஸாத் வந்து சேர்ந்தான். அவன் முறை வைத்து ஊர் ஊராகப் போகிறவன். முறையை விட்டால் பத்து நாள் காத்திருக்க வேண்டும்.

"என்ன மன்னூபியாக்கா, கொடி இந்தத் தடவ கயிறாட்டம் கெடக்கு. காஞ்சிருக்கா?"

"இன்னும் கை வெக்கல. நீ டீயக் குடி மொதல்ல."

"சீக்கிரம் பாரு. நாளைக்கு எனக்கு மலயடிவாரத்துல வயலு இருக்கு. உன் தம்பி வேற, இன்னிக்குக் கட்டலேன்னா அடுத்த வருஷம் வேற மெஷினப் பாத்துக்கறேன்னு போன்ல உறுமுறாரு."

"அவன் உறுமினா உறுமட்டும். கீழ்வயல் என் பங்கு. நான் சொன்னாத்தான் கட்டு."

லஸ்ஸாத் டீக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான். நல்லவன்தான், வாய்தான் ஓட்டை.

"உன் பங்கா? அக்கா, அதத்தான் நீ தம்பிக்கு எழுதிக் குடுத்துட்டியே!"

"யாரு சொன்னா?"

"சொல்றதென்ன, கண்ணால பாத்தேன். விதை ஆபீஸுக்கு நானும் அவரும் ஒண்ணாத்தான் போனோம். பத்திரத்த மேச மேல விரிச்சு வெச்சாரு. ஒம்பது ஹெக்டேரும் ஒரே பேரு. அடியில உன் கைநாட்டு. 'எங்கக்கா மனசு வந்து குடுத்துட்டா'ன்னாரு. இப்படியும் ஒரு அக்காவான்னு எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு, அல்லா மேல ஆணையா."

அவளுக்கு நினைவு வந்தது. மூன்று வருஷத்துக்கு முன், நகராட்சி அலுவலகம். மானிய விதைக்கு வீட்டில் எல்லாரும் கைநாட்டு வைக்க வேண்டும் என்றான் ஷாத்லி. அன்றைக்கு அவளுக்குப் புதுத் தலைத்துணி வாங்கித் தந்தான், வழியில் பொரித்த மாவுப்பண்டம் வாங்கித் தந்தான், வாய்க்கு வாய் அக்கா என்றான். வேலை ஆக வேண்டியிருக்கும்போதுதான் அவன் அக்கா என்பான் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். பண்டம் சூடாக இருந்தது, ருசியாக இருந்தது. மூடிக்கிடக்கிற கொடியின் ஈரத்தைக் கண்டுபிடிக்கிற அதே கட்டைவிரலை எடுத்து மையில் அழுத்தி வைத்தாள்.

ஷாத்லியின் வண்டி வரப்போரம் வந்து நின்றது. இறங்கும்போதே கேட்டான்.

"என்னக்கா, தடவிப் பாத்தாச்சா?"

"கீழ்வயல் யாரு பேர்ல இருக்கு ஷாத்லி?"

அவன் லஸ்ஸாத்தைத் தேடினான். லஸ்ஸாத் இயந்திரத்துக்கு அடியில் புகுந்து கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான்.

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"என் பேர்லதான் இருக்கு. வேற எவன் பேர்ல இருக்கணும்? உனக்கெதுக்கு நெலம்? யாருக்கு விட்டுட்டுப் போகப்போற? உன் பூனைக்கா?"

வரிசை திருப்பிக்கொண்டிருந்த கூலிப் பெண்கள் சிரித்தார்கள். முதலாளி சொன்னால் சிரிக்கத்தானே வேண்டும்.

"அப்பா எனக்கு விட்டது அது."

"அப்பா உனக்கு ஒரு புருஷனயும்தான் தேடி வெச்சாரு. அத வெச்சுக் காப்பாத்தினியா? ஒரு வருஷம் முழுசாத் தாங்கல. மூணு ஹெக்டேரத் தாங்குவியா நீ?"

பெண்கள் மறுபடி சிரித்தார்கள், இம்முறை கூலிக்காக அல்ல. மன்னூபியாவுக்குக் காது இரண்டும் கொதித்தன. நாற்பத்தெட்டு வயது ஆள், இவள் இடுப்பில் சுமந்து வளர்த்தவன், மீசையில் ரொட்டித் துணுக்கோடு நிற்கிறான். அந்தத் துணுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேரம் போயிட்டிருக்கு. காஞ்சிருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லு. அதுக்குத்தான உனக்குச் சோறு போடறேன்."

அவள் குனிந்தாள். வரிசைக்கு அடியில் கையை விட்டாள். மேலே நொறுங்கியது. முழங்கை இறங்கியபோது கொடி கைக்கு வந்தது, நேற்று அறுத்ததுபோல் மெத்தென்று. முறுக்கினாள், முறியவில்லை. நகம் பட்ட கணுவில் பச்சைச் சாறு கசிந்தது. உதட்டில் வைத்தாள். ஊற்றுத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்தது.

அவன் கொட்டகை அவள் கண்முன் நின்றது. புதுத் தகரக் கூரை. மாடுகள் கோடை முழுக்க வெளியே கட்டுத்தறியில். உள்ளே இருப்பது புது டிராக்டர் மட்டும். அவள் எந்த உயிருக்கும் கேடு நினைக்கவில்லை. இதை அவளுக்காகச் சொல்லி வைக்கிறேன், பிற்பாடு பயன்படாது. கொட்டகை எரியட்டும், டிராக்டர் எரியட்டும், என் மூன்று ஹெக்டேரில் விளைந்தது உன்னை எரிக்கட்டும் என்று நினைத்தாள். முப்பது வருஷமாகச் சேர்த்துவைத்த சொல் ஒன்று இருந்தது. அதை எடுத்தாள்.

"காஞ்சிருக்கு," என்றாள். "கட்டு."

"இதுக்கு இம்புட்டு நேரமா?" என்று ஷாத்லி கையைத் தட்டினான். இயந்திரம் ஓட ஆரம்பித்தது.

பிற்பகல் அஸர் தொழுகை நேரத்துக்கு மூன்று லாரிகள் வந்து நின்றன, தெற்கேயிருந்து. லஸ்ஸாத்தின் ஓட்டை வாய்க்குக் கைபேசியும் உண்டு. மன்னூபியா கை வைத்த தீவனம் என்று அவன்தான் சொல்லி அனுப்பியிருந்தான். வந்தவர்கள் பேரம்கூடப் பேசவில்லை. ஷாத்லி ஒரு கட்டைக்கூடக் கொட்டகைக்கு அனுப்பாமல் வயலிலிருந்தே ஏற்றிவிட்டான். லாரிகள் போன திசையில் புழுதி அடங்கும் வரை மன்னூபியா பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கட்டுகள் எந்த ஊரில் பூஞ்சை பூத்தன, எங்கே பிரித்துக் கொட்டப்பட்டன, யாருக்கும் தெரியாது. அத்தனை தூரத்திலிருந்து எவன் சண்டைக்கு வருவான்? அவளுடைய நெருப்பைத் தம்பி நல்ல விலைக்கு விற்றுவிட்டான். வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் போலிருந்தது.

அப்போதுதான் சல்ஹா ஓடிவந்தாள், பின்னால் இரவல் டிரெய்லரோடு.

சல்ஹாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். செஜ்னான் மலையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். ஆடு தெரியும், மாடு புதிது. புருஷன் கமைஸுக்கு ஒரு கால் சற்று இழுக்கும், வாயில் எந்நேரமும் சிகரெட். இரண்டு பேரும் வருஷக்கணக்காக அரை வயிறு தின்று அண்மையில்தான் மூன்று பசு சேர்த்திருந்தார்கள். மூத்த பசுவுக்கு வர்தா என்று பேர், அப்போது சினை. மன்னூபியா பிசெர்த்திலிருந்து பெட்டியோடு திரும்பி வந்த நாளில், ஊர்ப் பெண்கள் மாதக்கணக்கை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒன்றும் கேட்காமல் பேரீச்சம்பழம் கொட்டை நீக்கிக் கொடுத்தவள் சல்ஹா ஒருத்திதான். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை குஸ்குஸ் மன்னூபியாவுக்கு அந்த வீட்டில்.

"ஷாத்லி, எனக்கு முந்நூறு கட்டு மிச்சம் வெச்சியா?"

"ஏரி மூலையில கடைசியாக் கட்டினது கெடக்கு. எடுத்துக்க. தெற்கத்திக்காரன் அதையும் கேட்டான், நம்மூருப் பொம்பளயாச்சேன்னு வெச்சேன்."

"காஞ்சதுதான?"

"லாரிக்காரன் வாயத் தொறக்காம ஏத்திட்டுப் போறான், நீ வந்து பரீட்ச வெக்கறியா?"

"உன்ன யாரு கேட்டா? உன் வார்த்தய நம்பி நான் கழுதயக்கூடக் கட்டிப்போட மாட்டேன்." அவள் மன்னூபியா பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. கை வெச்சியா?"

"வெச்சேன்."

"காஞ்சிருக்கா?"

ஏரி மூலை எல்லாவற்றிலும் பள்ளம், எல்லாவற்றிலும் ஈரம். ஷாத்லி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது இல்லை என்றால், காலையில் சொன்னது பொய். வேண்டுமென்றே சொன்ன பொய். லாரிகள் திரும்பும், தம்பி அவள் பெட்டியைத் தெருவில் வைப்பான். அதுகூடப் பரவாயில்லை. மன்னூபியாவும் பொய் சொல்வாள் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். நிலம் போனது தெரிந்த அன்றே அதுவும் போவதா? நாளைக்குக் காலையில் சல்ஹா வீட்டுக்குத் தனியாகப் போய், கட்டைப் பிரித்து உலர்த்தச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். இது ஒரு நிமிஷத்தில் போட்ட கணக்கு.

"காஞ்சிருக்கு," என்றாள் இரண்டாம் தடவையாக.

"அல்லா உன் கைய நல்லா வெக்கட்டும்!" என்றாள் சல்ஹா. மன்னூபியாவும் சேர்ந்துதான் ஏற்றிவிட்டாள். "என்ன கனம் கனக்குது ஒவ்வொரு கட்டும்! நல்ல கட்டுதான்," என்று சல்ஹா மூச்சு வாங்கச் சிரித்தாள். கனத்தது தண்ணீர்.

மறுநாள் காலையில் மன்னூபியா போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. தலைவலி என்று படுத்தாள், பூனைக்குப் பால் வைத்தாள், அறையைக் கழுவினாள். வெள்ளிக்கிழமை குஸ்குஸுக்கும் போகவில்லை. சல்ஹாவே கிண்ணத்தில் மூடிக் கொடுத்தனுப்பினாள். அதைத் தின்றாள். பத்தாம் நாள்தான் அங்கே காலடி எடுத்து வைத்தாள்.

மாட்டுக் கொட்டகை தாழ்ந்த கூரை, மூன்று பக்கம் மண்சுவர். முந்நூறு கட்டும் கூரை முட்ட, இண்டு இடுக்கு விடாமல் அடுக்கியிருந்தது. அதன் காலடியில் மாடுகள். உள்ளே நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. வெல்லம் காய்ச்சுகிற மாதிரி ஒரு மணம்.

"மோந்து பாரு, தேன் மாதிரி மணக்குது!" என்றாள் சல்ஹா. "வர்தா வெறிபிடிச்சாப்புல தின்னுது. இப்படி ஒரு புல்ல நான் பாத்ததே இல்ல."

மன்னூபியா இரண்டு கட்டுகளுக்கு நடுவே கையைச் செருகினாள். சட்டென்று இழுத்துக்கொண்டாள். ரொட்டி அடுப்பின் வெளிச்சுவர் மாதிரிச் சுட்டது.

அன்றைக்குக்கூட நேரம் இருந்தது. நாலு பேரைக் கூப்பிட்டு, கட்டுகளை வெளியே இழுத்து, கயிற்றை அறுத்துப் பரப்பியிருந்தால் போதும். பாதியாவது தேறியிருக்கும், மாடு மூன்றும் தேறியிருக்கும். அதற்கு அவள் சொல்ல வேண்டியிருந்தது 'நான் பொய் சொல்லிட்டேன்' என்ற மூன்றே சொல். கையைத் தலைத்துணியில் துடைத்துக்கொண்டாள்.

"நடுவுல சந்து விட்டு அடுக்கியிருக்கலாம் நீ," என்றாள்.

"சந்து விட்டா மாடு எங்க நிக்கும்? என் கட்டில்லயா? காஞ்ச புல்லுக்குச் சந்து எதுக்குடி?"

அந்த நேரம் பார்த்துக் கமைஸ் காலை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான், வாயில் சிகரெட். மன்னூபியா அவன்மேல் பாய்ந்தாள்.

"இத வாயில வெச்சுக்கிட்டு உள்ள வராத! ஒரு பொறி போதும், கூரை தப்பாது! போ வெளிய!"

கமைஸ் பயந்து பின்வாங்கினான். "நான் வாசலத் தாண்டி வரமாட்டேன்மா, கேட்டுப் பாரு இவள..."

"நல்லாக் கேளு!" என்றாள் சல்ஹா. "நான் சொன்னா ஏறாது. மன்னூபியா சொல்றா, இப்பவாச்சும் ஏறட்டும்."

திரும்பி நடக்கும்போது மன்னூபியாவுக்கு மனசு பாதி லேசாகியிருந்தது. ஏதோ சொல்லிவிட்டோம், எச்சரித்துவிட்டோம். பாதி உண்மை சொன்னவருக்குக் கிடைக்கிற நிம்மதியைப்போல் கேடுகெட்டது உலகத்தில் இல்லை. அன்று அவள் இரண்டு ரொட்டி கூடுதலாகத் தின்றாள்.

இருபத்தாறாம் நாள் சந்தை நாள். உச்சிப்பொழுதில் மன்னூபியா முற்றத்தில் கோதுமை புடைத்துக்கொண்டிருந்தாள். சல்ஹா வீட்டுப் பக்கம் புகை கிளம்பியது, முதலில் வெள்ளையாக, பிறகு மஞ்சளாக. முறத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். ஓடும்போதே அந்தக் கத்தல் கேட்டது. மாடு அப்படிக் கத்திக் கேட்டதில்லை என்று அன்று கேட்டவர்கள் எல்லாரும் சொல்வார்கள். கமைஸ் அந்த இழுக்கும் காலோடு உள்ளே போய் ஒரு கயிற்றை அறுத்திருந்தான். நடுப் பசு முதுகில் தீயோடு வெளியே ஓடிவந்து சுவரோரம் விழுந்தது. அவன் கை இரண்டும் தோலுரிந்து தொங்கின. வர்தா வரவில்லை, சின்னதும் வரவில்லை. கூரை இறங்கியதும் கத்தல் நின்றுவிட்டது.

விழுந்து கிடந்த பசு மூச்சுவிடும்போதே கத்தி கொண்டுவந்து அறுத்தார்கள். தானாகச் செத்துப்போனால் மார்க்கப்படி யாருக்கும் ஆகாதே. ஏழை வீட்டு மாடு இப்படி அறுபட்டால் ஊரே பங்கு போட்டு இறைச்சி வாங்கும், அந்தக் காசு அந்த வீட்டுக்கு. வழக்கம் நல்ல வழக்கம்தான். தராசு வரும் வரை ஜனங்கள் கரியைச் சுற்றி நின்று பேசினார்கள்.

"தானாப் பத்திக்கிச்சோ? புல்லு ஈரமா?" என்றார் ஒருவர்.

சல்ஹா தரையில் உட்கார்ந்திருந்தவள் தலையைத் தூக்கினாள். "மன்னூபியா கை வெச்ச புல்லு!"

"அப்ப ஈரமில்ல," என்று நாலு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். அதோடு அந்த வழி அடைந்துவிட்டது. எல்லார் பார்வையும் மெல்லக் கமைஸ் பக்கம் திரும்பியது. அவன் வெந்த கைகளை நீட்டியபடி நின்றிருந்தான். சட்டைப் பையில் சிகரெட் பெட்டி துருத்திக்கொண்டிருந்தது.

"நான் உள்ள புகைக்கல," என்றான். "குர்ஆன் மேல சத்தியமா உள்ள புகைக்கல."

"பொய்! இவ அன்னிக்கே சொன்னா!" சல்ஹா எழுந்து வந்து அவன் மார்பில் குத்தினாள். "ஒரு பொறி போதும், கூரை தப்பாதுன்னு இந்த வாசல்ல நின்னு சொன்னா! அந்தக் கைக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு! நீ கேட்டியா? கேட்டியாடா பாவி? சொல்லு மன்னூபியா, சொன்னியா இல்லையா?"

ஊர் முழுக்க அவளைப் பார்த்தது. ஷாத்லியும் பார்த்தான்.

"சொன்னேன்," என்றாள் மன்னூபியா.

அது உண்மைதான். அவள் சொன்ன இரண்டு பொய்யும் செய்யாத வேலையை அந்த ஓர் உண்மை செய்து முடித்தது. யாரோ கமைஸின் பையிலிருந்த பெட்டியைப் பிடுங்கிக் கரியில் எறிந்தார்கள். சந்தைக்கு வந்திருந்த சல்ஹாவின் அண்ணன் அவன் முகத்தில் காறித் துப்பினான். வெந்த கையால் துடைத்துக்கொள்ள அவனுக்கு முடியவில்லை.

ஷாத்லி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இரண்டு பங்கு இறைச்சி எடுத்தான். "பாவம், நம்ம வயல் புல்லு தின்ன மாடு," என்றான். வீட்டுக்கு வந்து பொட்டலத்தை மன்னூபியாவிடம் நீட்டினான். "காரம் தூக்கலாப் போட்டு வை அக்கா. கருகல் வாசன தெரியப்படாது." அவள் வெங்காயம் அரிந்து, சிவப்பு மிளகாய் விழுது போட்டு, எண்ணெய் மிதக்க வைத்தாள். அவன் விரலை நக்கிச் சாப்பிட்டான். அவள் தட்டிலும் இரண்டு துண்டு போட்டான். அவளும் தின்றாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பானே.

கமைஸ் நாலைந்து நாள் மறுத்தான். பிறகு மறுப்பது குறைந்தது. அவனே யோசித்துப் பார்த்து, அவனே நம்ப ஆரம்பித்தான். ஒரு நாள் மன்னூபியாவின் அறை வாசலில் வந்து நின்றான், கையில் துணிக்கட்டு.

"நீ சொன்னப்பவே விட்டிருக்கணும். சந்தைக்குக் கெளம்பறப்ப வாசல்ல நின்னு ஒண்ணு ஊதினேன். காத்து உள்ள அடிச்சிருக்கும். நான்தான். வயித்துல கன்னோட அந்த ஜீவன..." அழுகையில் மூக்கு ஒழுகியது, துடைக்க முடியாமல் தோளில் தேய்த்துக்கொண்டான். "உன் பேச்சக் கேக்காததுக்கு மன்னிச்சிரும்மா."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். அங்கே அவனையும் அவளையும் தவிர யாருமில்லை. மன்னூபியா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அல்லா மன்னிப்பான், போ," என்றாள். செய்யாத குற்றத்துக்கு அவன் செய்தவளிடம் மன்னிப்பு வாங்கிக்கொண்டு போனான். சல்ஹா அவனை வீட்டில் சேர்க்கவில்லை. சுருங்கிப்போன கைக்கு வேலை யார் தருவார்? மாத்தர் பெரிய பள்ளிவாசல் படியில் உட்கார்ந்திருக்கிறான் என்று சந்தைக்குப் போனவர்கள் சொன்னார்கள். சிகரெட்டை விட்டுவிட்டானாம்.

அடுத்த மே வந்தது. ஓட்ஸும் பயறும் கீழ்வயலில் வழக்கம்போல் ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டு வளர்ந்திருந்தன. அறுத்துப் போட்டார்கள். வரிசை திருப்ப வந்த கூலிப் பெண்களில் சல்ஹாவும் இருந்தாள். மாடில்லாதவள் வேறெங்கே போவாள்? ஒரே வருஷத்தில் பல் இரண்டு போய்விட்டது. மூன்றாம் நாள் ஷிஹிலி அடித்தது. லஸ்ஸாத் இயந்திரத்தோடு வந்தான். ஷாத்லியும் வந்தான்.

மன்னூபியா கையை விட்டாள். கொடி குளிர்ந்தது.

"இன்னும் ரெண்டு நாள் ஆகும்."

ஷாத்லி லஸ்ஸாத்தைப் பார்த்துத் தலையசைத்தான், இயந்திரம் திரும்பிப் போனது. மன்னூபியாவின் சொல்லுக்கு இப்போது போன வருஷத்தைவிட மதிப்பு அதிகம். பொறி விழப்போவதை முன்கூட்டிச் சொன்ன கை அல்லவா! மலைக்கு அப்பாலிருந்தெல்லாம் வண்டி அனுப்புகிறார்கள்.

சல்ஹா கவைக்கோலைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். மன்னூபியாவின் வலது கையைத் தன் இரண்டு கையாலும் எடுத்து, அதில் ஒட்டியிருந்த பயற்றுப் பூவைத் தட்டிவிட்டு, உதட்டில் ஒற்றிக்கொண்டாள்.

"அந்த மனுஷன் மட்டும் இந்தக் கைய நம்பியிருந்தா, என் வர்தா இன்னிக்குக் கன்னோட நிக்கும்," என்றாள்.

மன்னூபியா கையை இழுத்துக்கொள்ளவில்லை. சல்ஹாவாக விடும் வரை நின்றாள்.

"வரிசையத் திருப்பிப் போடு," என்றாள். "அடியில இன்னும் ஈரம்."